முனியம்மாவின் கால் விரல்

நாற்பதுகளில் மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் சர்ஜிகல் வார்டில் நான் ஸ்டாஃப் நர்ஸ். வீடு மயிலாப்பூர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊரெல்லாம் வைசூரி பரவிக்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, நான்காம் கட்டில் அம்மாளின் நெற்றியில் கொப்புளம் பார்த்தேன். மத்தியானத்துக்குள் அவரைத் தொற்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு எங்கள் வார்டைப் பூட்டினார்கள். உள்ளே இருந்த எல்லோருக்கும் அம்மை குத்தினார்கள். ஆபரேஷன்கள் அத்தனையும் நிறுத்தம்.

மறுநாள் ஆபரேஷனுக்கு இருந்தவள் முனியம்மா. சைதாப்பேட்டைக்காரி, சித்தாள் வேலை, வயது முப்பது இருக்கும். முதுகெலும்பில் டி.பி. சீழ் கட்டி, தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. சீக்கிரம் எடுத்துவிட்டால் நடப்பாள் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் அசையாமல் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். தன் காலைப் பார்க்க முடியாது; மரத்துப்போயிருந்ததால் விரல் ஆடுவதும் அவளுக்குத் தெரியாது. தினமும் காலையில் போர்வையை விலக்கி, விரலை ஆட்டச் சொல்வேன்.

"ஆடுதா நர்சம்மா?"

ஆடியது, நாளுக்கு நாள் குறைவாக. ஆறாம் நாள் ஆடவில்லை.

"ஆடுது" என்றேன்.

பூட்டிய வார்டுக்குள் பெரிய டாக்டர் வருவதில்லை; உள்ளே இருந்த சின்ன டாக்டர், ஹவுஸ் சர்ஜனிடம் ஓடினேன். அவர் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். வார்டு திறக்காமல் தியேட்டருக்கு எடுக்க முடியாது என்றார். அதற்கு மேல் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. முனியம்மாவின் புருஷன் தினமும் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பான். விரல் ஆடுகிறதாம், கவலைப்படாமல் வேலைக்குப் போ என்று அவனை அனுப்பிவைப்பாள்.

பதினேழாம் நாள் வார்டைத் திறந்தார்கள். மறுநாளே ஆபரேஷன். சீழை எடுத்தார்கள், கால் திரும்பவில்லை. பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டில் ஆறாம் நாள் எழுதியிருந்ததைப் பார்த்தார். அன்றைக்கே என் காதில் போட்டிருந்தால் தனி ரூமில் வைத்தாவது செய்திருப்பேன் என்றார்.

நானே போய் முனியம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"ஆடலன்னு சொல்லியிருந்தா கத்தி ஊரையே கூட்டியிருப்பேனே நர்சம்மா. கால் நல்லா கீதுன்னு நம்பி, சும்மா படுத்துக்கினு இருந்துட்டேனே."

அவளைப் புருஷன் தூக்கிக்கொண்டு போனான். நான் வாசல்வரை போகவில்லை.

பயந்துவிடுவார்கள் என்று நோயாளியிடம் மறைக்கும் சின்ன நர்சுகளுக்கு இதைச் சொல்கிறேன். அவர்கள் பயப்படட்டும், சொல்லிவிடுங்கள். அன்று பெரிய டாக்டர் காதில் விழும்படி கத்தக்கூடியவள் அந்த வார்டில் ஒருத்திதான் இருந்தாள். அவள் வாயை நான்தான் அடைத்து வைத்திருந்தேன்.