எஸ்கார்ட்டு சுப்ராயன்

குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பத்தடி முன்னால் போய்க்கொண்டிருக்கிறார் சுப்ராயன். பின்னால் வருகிறவர் நொண்டுகிறாரா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாரா என்று அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் கௌரவம் குறைந்துபோகும். மரக்காணத்து உப்பளக்காரர்கள் பாண்டி ஆஸ்பத்திரிக்கோ திண்டிவனம் கோர்ட்டுக்கோ போகவேண்டியிருந்தால் இவரைத்தான் அழைத்துப் போகிறார்கள். பஸ்ஸில் போர்டு படிப்பார். இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவார். இந்த இரண்டு வித்தையை வைத்துக்கொண்டு மனுஷர் அடிக்கிற கூத்து கொஞ்சநஞ்சமல்ல.

"துணைக்கு வர்றீங்களாண்ணா?" என்று கேட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார். 'எஸ்கார்ட்டு' வருகிறீர்களா என்றுதான் கேட்கவேண்டும். "கூட வர்றவன் பின்னாடி நடப்பான். துணைக்கு வர்றவன் பக்கத்துல நடப்பான். எஸ்கார்ட்டு முன்னாடிதான் நடப்பான். இன்னா, புரியுதா?" இது அவர் இலக்கணம்.

அந்த வார்த்தை அவருக்கு வாய்த்த கதை ஊருக்கே தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆடு திருடிய ஒருவனைப் போலீஸ்காரர்கள் திண்டிவனம் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஏட்டையாவின் சோற்றுத் தூக்கைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும் என்று இவரைக் கூப்பிட்டார்கள். கோர்ட்டு வாசலில் ஓர் அதிகாரி, "எஸ்கார்ட் யாரு?" என்று கேட்க, போலீஸ்காரர்கள் வாயைத் திறக்குமுன் இவர் தூக்கோடு முன்னால் போய் நின்றாராம். தூக்கு ஏட்டு வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது. வார்த்தை இவரிடமே தங்கிவிட்டது. அதற்குப் பொருத்தமாக ஒரு காக்கிச் சட்டையும் தைத்துக்கொண்டார்.

ஆடி முடிந்து புதுப்பெண் ராசம்மாளை அனுமந்தையில் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டதும் இவர்தான். விட்டாரா? வாசலில் நின்று, "பொண்ணு வந்தாச்சு!" என்று முழங்கினார். ஓடிவந்த மாமியார்க்காரி எட்டிப் பார்த்தால் பொண்ணைக் காணோம். அவள் அரை மைலுக்கு அப்பால், காலில் முள் தைத்து மணலில் உட்கார்ந்திருந்தாள். ஊரே சிரித்தது. தெய்வநாயகியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள்தான்.

தெய்வநாயகி உப்பு வாருகிறவள். புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. காலும் கையும்தான் சொத்து. விடிந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் நிற்கிற காலில் ஒரு கீறல் விழுந்தால் லேசில் ஆறாது. இந்த எழுபத்தாறாம் வருஷச் சித்திரையில் அவளுடைய வலதுகால் சுண்டுவிரல் கறுத்து நாற்றமெடுத்தது. பக்கத்துப் பாத்தியில் வேலை செய்யும் பாஞ்சாலை கூட வருகிறேன் என்றாள். சுப்ராயன் விடவில்லை. "பொம்பளைங்க போனா ஆஸ்பத்திரியில எவன் மதிப்பான்? எஸ்கார்ட்டு வேணும்மா."

பாண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். சுண்டுவிரலை இன்றைக்கே எடுத்துவிட்டால் மற்ற விரல்கள் பிழைக்கும், கூட வந்தவரைக் கையெழுத்துப் போடச் சொல் என்று நர்சம்மாவிடம் சொன்னார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த தெய்வநாயகிக்கு நர்சம்மாவின் குரல் நன்றாகக் கேட்டது.

"தெய்வநாயகி அட்டெண்டர்! தெய்வநாயகி அட்டெண்டர் யாருப்பா?"

மூன்று தடவை கூப்பிட்டாள். திறந்திருந்த கதவு வழியே, வராந்தா பெஞ்சில் காக்கிச் சட்டை தெரிந்தது. கால்மேல் கால் போட்டபடி அது அசையாமல் உட்கார்ந்திருந்தது. "அண்ணா! யண்ணா!" என்று தெய்வநாயகி கத்திப் பார்த்தாள், காய்ச்சலில் குரல் எழும்பவில்லை. அந்த ஆள் வேறு யாருக்கோ வந்தவர் என்று நினைத்து நர்சம்மா உள்ளே போய்விட்டாள். டாக்டர் அடுத்த ஆபரேஷனுக்குப் போனார். அன்றைய பொழுது அத்தோடு சரி. மறுநாள் காலையில் அறுத்தபோது மூன்று விரல்கள் போயின.

"காதுல விழுந்துதும்மா," என்றார் சுப்ராயன் நர்சம்மாவிடம், கொஞ்சமும் கூசாமல். "ஆனா எஸ்கார்ட்டுன்னு யாரும் கூப்பிடலியே. அட்டெண்டர்னா யாரு? ஆபீசுல மணி அடிச்சா ஓடியாந்து தண்ணி குடுக்கிறவன். நானா அட்டெண்டரு?"

இங்கே நோயாளியோடு வருகிற எல்லோருக்கும் அதுதான் பெயர் என்று சொல்லி நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அது உங்க தப்பும்மா," என்று அவளையும் திருத்தினார். அறுக்குமுன் கையெழுத்துப் போட்டபோதுகூட, தாளில் இருந்த வார்த்தையை அடித்துவிட்டுத் தன் வார்த்தையை எழுதித்தான் போட்டாராம். அதிலும் ஓர் எழுத்துப் பிழை.

தெய்வநாயகிக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு விரலோட போயிருக்கும். உன் பவிசுக்கு ரெண்டு விரலைக் குடுத்துட்டேனே, படுபாவி!" என்றாள். அவர் குடையைத் தட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

கட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. யாரும் கூப்பிடாமலே காலையில் தெய்வநாயகி வீட்டு வாசலில் வந்து நின்றார் காக்கிச் சட்டையில். "எடுத்த கேசைப் பாதியில விடக்கூடாது. கெளம்பும்மா." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

தெய்வநாயகி கோலை ஊன்றி ஊன்றிப் பின்னால் போனாள். பத்தடி இருபதடியாயிற்று, இருபது ஐம்பதாயிற்று. உப்பளத்து மூலையில், கீற்றுப் போட்டு மூடிய உப்பு அம்பாரத்தின் நிழலில், சோற்று மூட்டையோடு பாஞ்சாலை காத்திருந்தாள்.

"குந்து. நம்ம அடுத்த பஸ்ஸுல போலாம்," என்றாள்.

தெய்வநாயகி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அவரைக் கூப்பிடாமல் ரோட்டையே பார்த்தார்கள். சுப்ராயன் போய்க்கொண்டேயிருந்தார். பாண்டி பஸ் வந்தது. குடையை நீட்டி நிறுத்தினார். படியில் நின்ற கண்டக்டர் எத்தனை பேர் என்று கேட்டிருப்பான் போலிருக்கிறது.

திரும்பிப் பார்க்காமலே சுப்ராயன் கையை உயர்த்தி, இரண்டு விரல்களைக் காட்டினார்.