எங்கள் தெருவுக்குக் கறுப்பு அடித்த வரைபடம்

தறியில் புதுப் பாவு நூல் ஏற்றும் நாளில் எங்கள் வீட்டில் கற்பூரம் ஏற்றுவது மகள்தான். அவள் கை ராசியானது என்பார் அவள் அப்பா. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். ஒரு தை மாதம், செய்யார் கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்தவள் தீப்பெட்டியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நீயே ஏத்தும்மா. நான் ஏத்த மாட்டேன்."

"இன்னாடி, காலையிலயே பேஜார் பண்ற?"

"ஆறு மாசமா ஜெபத்துக்குப் போய்கினு இருக்கேன்."

அவள் அப்பா பாவைத் தொடாமல் எழுந்து வெளியே போனார்.

கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை, அவள் ஜெபத்துக்குப் போகும் சேவூருக்கு ஆரணியிலிருந்து டவுன் பஸ் ஏறினேன். ஜெபவீடு முன்பு விசைத்தறிக் கொட்டகையாக இருந்த இடம். தரையில் இன்னும் எண்ணெய்க் கறை. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மகள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். போதகர் எனக்கு நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

சுவரில் பெரிய உலகப் படம். கிறிஸ்தவ விசுவாசம் பரவிப் போன வழியெல்லாம் சிவப்பு நூல். நான் கேட்காமலே அவர் சொல்ல ஆரம்பித்தார். வெள்ளைக்காரன் ஊரில் சர்ச்சுகள் காலியாகின்றனவாம், ஆப்பிரிக்காவிலும் கொரியாவிலும் இடம் போதவில்லையாம்.

"சரக்கு எங்கெங்க போவுதுன்னு பட்டு வாங்குற சேட்டு சொல்ற மாதிரியே சொல்றீங்க" என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பக்கத்தில் ஆரணியைக் கையால் வரைந்து ஒட்டியிருந்தார்கள். பல தெருக்களுக்குக் கறுப்பு அடித்திருந்தது. அதில் எங்கள் தெருவும் ஒன்று.

"இன்னும் வெளிச்சம் போகாத இடங்கம்மா."

"எங்க தெருவுல கரண்டு இருக்குதுங்க."

சொல்லும்போதே தெருப் பெயர்களின் எழுத்தைப் பார்த்தேன். மகளுடைய எழுத்து. சிவப்பு நூலும் எங்கள் வீட்டுப் பட்டுதான், பாவில் மிஞ்சிய அரக்குச் சிவப்பு. இரண்டையும் சேர்த்துப் பிய்த்தேன். ஆரணி பாதி என் கையில் வந்தது, நூல் அறுந்து விழுந்தது.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. மகள் குனிந்து நூலை எடுத்தாள். விரலை நாக்கில் நனைத்து, அறுந்த இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கினாள். எட்டு வயதில் நான் பழக்கிவிட்ட முறுக்கு. இழுத்தாலும் பிரியாது.

"வீட்டுக்கு வாடி. நம்ம தெருவைப் போய்க் கறுப்புன்னு எழுதி வச்சிருக்காங்க, நீ அவங்களுக்குப் பாய் சுருட்டிகினு இருக்க."

"அவங்க எழுதலம்மா. நான்தான் அடிச்சேன். நம்ம தெருவுல இருக்கும்போது எனக்கு அப்படித்தான் இருக்குது."

அந்த வாரமே செய்யாரில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். இப்போதும் பொங்கலுக்கு வருகிறாள், சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறாள். கடலுக்கு அப்பால் எங்கெல்லாம் நூல் கட்டுகிறார்களோ கட்டட்டும், என் வீட்டு வாசலுக்கு ஏன் வந்தார்கள் என்ற கோபம் எனக்குக் குறையவே இல்லை.

ஆனால் எங்கள் தெருவில் என்ன இருட்டைக் கண்டாள் என்று அன்று அவளிடம் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் திரும்பும் பஸ் வந்துவிட்டது, கேட்காமலே ஏறிவிட்டேன்.