ஈமெயில் போதும் என்று சொன்னவன்

இன்று, விரி என்ற ஊரில் இருக்கும் எங்கள் கிடங்கின் டீ ரூமில் நடந்தது.

நான் ஆதரிக்கும் ஃபுட்பால் கிளப்பின் ஸ்பானிஷ் மேனேஜரைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தேன். விளையாடிய காலத்தில் அதே கிளப்புக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். இப்போது மேனேஜராகத் திரும்பி வந்து வரிசையாகத் தோற்றுக்கொண்டிருக்கிறார்.

"பழசை நினைச்சுப் பாவம் பார்த்தா வேலைக்கு ஆகாது. உடனே தூக்கணும்!" என்றேன்.

பக்கத்தில் இருந்த நண்பன் சுற்றிக்கொண்டிருந்த மைக்ரோவேவையே பார்த்தான்.

எதிரில் எங்கள் மேனேஜர் சிவா அண்ணா உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இதே கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலையில் சேர்ந்து மேலே வந்தவர். எனக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

"அந்தாளை நேர கூப்பிட்டுச் சொல்லுவாங்களோ, இல்லாட்டி ஈமெயில்தானோ?" என்று கேட்டார்.

"ஈமெயில் போதும்ணா!" என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்தது நான் ஒருவன்தான்.

"ஓம், அப்பிடித்தான் செய்வாங்கள்," என்றவர், கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார்.

அதன்பிறகுதான் நண்பன் சொன்னான். "டேய், அண்ணாவுக்குக் காலைல வேலை போயிடுச்சு. ஈமெயில்லதான் சொன்னாங்களாம்."

வெளியே ஓடினேன். அவர் கார் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

மாலையில் ஆபீஸில் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து அவர் வேலையை நான் பார்க்க வேண்டுமாம். தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

தயவுசெய்து யாரும் வாழ்த்த வேண்டாம். எத்தனை மேட்ச் தோற்றால் என்னைத் தூக்குவீர்கள் என்று மட்டும் கமெண்டில் சொல்லுங்கள்.