அவளுடைய மூன்று செடிகள்

மனைவி இறந்த ஒன்பதாம் நாள் காலை நகரசபைக்குத் தொலைபேசி எடுத்தேன். சொல்ல வேண்டியதை முதலிலேயே ஜெர்மன் மொழியில் இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். எங்கள் வீட்டில் ஆறு கஞ்சாச் செடிகள் நிற்கின்றன. சட்டம் வயதுவந்த ஒருவருக்கு மூன்று என்கிறது. நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் ஒருவன். மீதி மூன்றையும் என்ன செய்ய வேண்டும்?

 மறுமுனையில் இருந்த பெண் முதலில் தன் அனுதாபத்தைத் தெரிவித்தாள். நன்றி சொன்னேன். ஒருவருக்கு மூன்றுதான், அதற்கு மேல் நிற்பதை உடனே அழித்துவிட வேண்டும் என்று வாசிப்பதுபோலச் சொன்னாள். உடனே என்றால் எத்தனை நாள் என்று கேட்டேன். அப்படி ஒரு எண் எழுதப்படவில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்தக் கிழமை யாரும் வந்து எண்ணப் போவதில்லை, முதலில் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அது எனக்கு உதவவில்லை. வேறு யாரும் எண்ணாவிட்டாலும் நான் எண்ணுவேன். இந்த நாட்டில் முதல் பதினொரு ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிநாட்டவர் அலுவலகத்தில் வரிசையில் நின்று விசா நீட்டித்தவன் நான். சட்டம் ஓர் எண்ணைச் சொன்னால் அதற்குள் நிற்பேன். அது நல்ல குணமா, பயமா என்று மனைவி கேட்பதுண்டு. இரண்டும் ஒன்றுதான் என்பேன்.

கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்களுடையது வரிசை வீடுகளில் ஒன்று. பின்னால் ஒன்பது மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமுமான தோட்டம். ஊரில் நில அளவை அலுவலகமொன்றில் படவரைஞராக இருந்தேன். இங்கே ஓய்வுபெறும்வரை ஆணிகளும் திருகுகளும் பொதிசெய்யும் ஒரு களஞ்சியத்தில் வேலை. தோட்டம் அவளுடைய பொறுப்பு. நான் அளந்து கொடுப்பேன், தண்ணீர் ஊற்றுவேன்.

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த பிறகு அவளுக்குப் பாதங்கள் எரியத் தொடங்கின. நடந்தால் எரிவு, போர்வை பட்டால் எரிவு, இரவில் இரண்டு மடங்கு. கொடுத்த மாத்திரைகள் எரிவைக் குறைத்தன, ஆனால் அவளை வேறு யாரோ ஆக்கின. பேசிக்கொண்டிருந்ததை நடுவில் மறந்துவிடுவாள். எங்கள் மகள் பான் நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். சட்டம் மாறியிருக்கிறது, வீட்டில் வளர்க்கலாம், சிலருக்கு நித்திரையாவது வருகிறது என்று சொன்னவள் அவள்தான். வைத்தியரிடம் கேட்டோம். தனக்கு ஆட்சேபனை இல்லை, கொடுக்கும் முன் எவ்வளவு என்று தன்னிடம் சொல்ல வேண்டும் என்றார்.

நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடத் தொட்டதில்லை. மனைவி கட்டிலில் இருந்தபடி சிரித்தாள்.

"சட்டமே தந்திட்டுது, நீங்கள் வேண்டாமெண்டுறியள். உங்களுக்கு மூண்டு, எனக்கு மூண்டு. என்ர மூண்டில நீங்கள் கை வைக்கப்படாது, சொல்லிப்போட்டன்."

மகள் விதை வரவழைத்தாள். சித்திரையில் சமையலறை யன்னலோரம் தயிர்க் கிண்ணங்களில் முளைக்க வைத்தோம். வைகாசி நடுப்பகுதிவரை வெளியே வைக்கவில்லை. அதுவரை இரவுப் பனி எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்று இங்கே தோட்டம் வைத்திருக்கும் எல்லோரும் சொல்வார்கள். முதலில் பகலில் இரண்டு மணித்தியாலம், பிறகு நான்கு என்று குளிருக்குப் பழக்கினேன். வெளியே வைத்த முதல் கிழமையிலேயே நத்தைகள் வந்தன. ஒரு காலையில் பத்தொன்பது நத்தைகளைப் பொறுக்கி வாளியில் போட்டேன். பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் இருந்ததால் தோட்டக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். ஆடி முழுவதும் மழை, பகலிலேயே வெப்பம் பதினாறு பாகைதான். செடிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. நான்தான் பொருட்படுத்தினேன்.

படி ஏற முடியாததால் அவளுடைய கட்டிலைக் கீழே, தோட்டத்தைப் பார்க்கும் அறையில் போட்டிருந்தோம். தன் மூன்று தொட்டிகளையும் அந்த யன்னலுக்குக் கீழே வரிசையாக வைக்கச் சொன்னாள். என் மூன்றும் எட்டு மீட்டர் தள்ளி, பின்வேலியோரம் நின்றன. அவளுக்கு இரவில் நித்திரை இல்லை. விளக்கு விடியும்வரை எரியும். யன்னலுக்கு வெளியே இறக்கும் ரோலாடனை, இங்கே எல்லா வீட்டு யன்னல்களிலும் இருக்கும் அந்தச் சுருள் கதவை, அவள் இறக்கவே விடவில்லை. அறை வெளிச்சத்தில் செடிகள் தெரிய வேண்டும். அவற்றைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

ஆவணி பிறக்கும் முன்பே என் செடிகளின் கணுக்களில் வெள்ளை இழைகள் வந்துவிட்டன. அதுதான் பூவின் தொடக்கம். அவளுடையவை என்னுடையவற்றை விட ஒரு சாண் உயரம், நல்ல பச்சை. ஆனால் ஓர் இழைகூட இல்லை. தினமும் காலையில் பார்த்துவிட்டு வந்து அவளிடம் அறிக்கை கொடுப்பேன்.

"என்ரை உங்களை மாதிரியப்பா," என்றாள் மனைவி ஒருநாள். "எல்லாத்தையும் எண்ணி முடிச்சாப் பிறகுதான் பூக்கும்."

என்னுடையவைதான் முதலில் பூத்தன என்று நான் திருத்தினேன். ஆவணி பிறந்து சில நாட்களில் ஒரு காலை, அந்த அறையிலேயே இறந்துபோனாள். அந்த ஆறு செடிகளிலிருந்தும் ஓர் இலைகூட அவளுக்குப் பயன்படவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஆட்கள். ஊன்ட்றொப் என்ற ஊரில், தேர் ஓடும் எங்கள் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அவளுடைய தம்பி எல்லாவற்றையும் பொறுப்பெடுத்தார். தோட்டத்தில் செடிகளைக் கண்டுவிட்டு என்னிடம் மெதுவாக வந்தார். "என்ன அத்தான், சாமியாராப் போறியளோ? இல்லாட்டித் தேருக்கு வாற சனத்துக்குச் சப்ளையோ?" என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல என் தோளில் கை வைத்தார். அந்தக் கை அங்கே இருந்தது தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. அழுதால் பாரம் குறையும் என்று பலர் சொன்னார்கள். நான் கதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு இருந்தன. நான்கு பக்கத்து வீட்டுக்காரருடையவை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நடக்கும்வரை அவள் இறந்த அறையில் வெளிச்சம் அணையக் கூடாது என்று தம்பி சொல்லிவிட்டுப் போனார். இரவில் ஆளில்லாத அறையில் எண்ணெய் விளக்கு எரிந்தால் கூரையிலிருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி கத்தும். ஆகவே பகலில் எண்ணெய் விளக்கு, இரவில் மின்விளக்கு என்று மகள் முடிவு செய்தாள். அவள் விடுமுறை எடுத்து என்னோடு நின்றாள். இங்கே பிறந்து வளர்ந்தவள். இந்த விடயத்தில் மட்டும் ஒரு சின்னப் பிழையும் வரக் கூடாது என்று நின்றாள்.

நகரசபைப் பெண்ணோடு பேசிய அன்று காலை மகளிடம் ஒரு வழி சொன்னேன். அவள் தன் வதிவிடப் பதிவை இந்த வீட்டுக்கு மாற்றினால் மறுபடியும் இரண்டு பேர். ஆறும் நிற்கலாம்.

பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள். "மூண்டு கஞ்சாச் செடிக்காக நான் பானில இருந்து வீடு மாறோணுமோ?"

"பேப்பரில மட்டும் பிள்ளை. அன்மெல்டுங் பதிவு மட்டும்."

"இருக்காத வீட்டில பதியிறது குற்றமெண்டு நீங்கள்தானேயப்பா சொல்லுறனீங்கள். போன வருசம் மாமான்ர மகனுக்கு ஒரு மணித்தியாலம் வகுப்பெடுத்தியளே."

உண்மைதான். அவனுக்குச் சட்டப் பிரிவின் எண்ணையும் சொல்லியிருந்தேன்.  மகள், ஏன் மூன்றையும் பிடுங்கிப் போட ஏலாது, உங்களுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டாள். அவை உன் அம்மாவுடையவை, இன்னும் பூக்கவில்லை என்றேன். வேறு காரணம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று பிற்பகல் மனைவியின் தொட்டிகளுக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கணுவாகப் பார்த்தேன். முதல் செடி ஒன்றுமில்லை. இரண்டாவது ஒன்றுமில்லை. மூன்றாவது கூரையிலிருந்து மழைநீர் இறங்கும் குழாய்க்குப் பின்னால் பாதி மறைந்து நின்றது. குழாய் மறைத்த பக்கத்தில் ஏழு வெள்ளை இழைகள் இருந்தன. யன்னலைப் பார்த்த பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. மறுபடி எண்ணினேன். ஏழு, பூச்சியம்.

பொழுது சாய்ந்து மகள் உள்ளே விளக்கைப் போட்டபோது யன்னல் வெளிச்சம் மூன்று செடிகள் மீதும் விழுந்தது. குழாயின் நிழல் மட்டும் மூன்றாவதன் குறுக்கே கிடந்தது. இரவு நீளுகிறது என்று தெரிந்தால்தான் இந்தச் செடி பூக்கும். விதைப் பெட்டியிலேயே அது எழுதியிருந்தது. வேலியோரச் செடிகளுக்கு இரவு இருந்தது. இவற்றுக்கு இந்தக் கோடையில் ஓர் இரவுகூட வரவில்லை.

உள்ளே போய் ரோலாடனை இறக்கினேன். பட்டியைப் பிடித்து விட விட, தகடுகள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. சத்தம் கேட்டு மகள் வாசலில் வந்து நின்றாள்.

"ஏனப்பா இறக்கிறியள்? அம்மா அதைத் திறந்தல்லோ வைச்சிருந்தவ."

"இருட்டு வேணும். வெளிச்சம் பட்டா அதுகள் பூக்காது."

"லைற் அணையப்படாது."

"அணையத் தேவையில்லை. உள்ளுக்கு எரியட்டும். வெளியில தெரியாது."

அவள் கட்டிலைப் பார்த்தாள். விரிப்பு மாற்றி, மேலே மனைவியின் படம் வைத்திருந்தோம். "அம்மாக்கும் வெளியில தெரியாது," என்றாள்.

 கடைசித் தகடுகளுக்கிடையில் சிறு துளைகளால் வெளிச்சம் கசிந்தது. பட்டியை இன்னும் ஒருமுறை தளர்த்தி முழுவதும் இறக்கினேன்.

"அப்ப இவ்வளவு நாளும் அம்மான்ர லைற்றாலயோ பூக்கேல்லை?"

"ஓம்."

"அவவுக்குத் தெரியுமோ?"

"எனக்கே இண்டைக்குத்தான் தெரியும்."

அவள் கட்டில் நுனியில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. அறையில் மணிக்கூடு இல்லை.

அடுத்த நாள் தம்பி அந்தியேட்டி விடயமாகப் பேச வந்திருந்தார். அவர் முன்னிலையில் மகள் கணக்கை விளங்கப்படுத்தினாள். அப்பாவுடையவை பாதி பூத்துவிட்டன, புரட்டாசி முடிய வெட்டலாம். அம்மாவுடையவை இனித்தான் தொடங்க வேண்டும். முற்ற எட்டுக் கிழமையாவது போகும், அதற்குள் பனி வந்துவிடும். ஆகவே எதைப் பிடுங்குவது என்பதில் கேள்வியே இல்லை. அந்தக் கணக்கை நான் இரவே போட்டிருந்தேன். மகளின் கணக்குக்கும் என்னுடையதற்கும் ஒரு கிழமைதான் வித்தியாசம்.

"கணக்குச் சரி," என்றேன்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனேன். முதல் தண்டு பெருவிரல் தடிப்பு, இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது.  தம்பி பாதி வழி நடந்து வந்தார்.

"அத்தான், பிழையானதை வெட்டுறியள்."

"என்ரையைத்தான் வெட்டுறன்."

மூன்றையும் வெட்டி முடிக்கப் பத்து நிமிடமும் ஆகவில்லை. வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, உரக் குவியலின் அடியில் போட்டு மண்ணால் மூடினேன். கையில் அந்த வாசனை இரண்டு நாள் இருந்தது. தம்பி தேநீர் குடித்தார். போகும்போது, "அக்கா இருந்திருந்தா உங்களைக் கிழிச்சிருப்பா," என்றார். அநேகமாக அப்படித்தான்.

அந்தியேட்டி முடிந்தது. மகள் விளக்கை அணைத்தாள், மறுநாள் பானுக்குப் போனாள். போகும்போது குளிர்பெட்டியில் பதினான்கு பெட்டிச் சாப்பாடு வைத்துவிட்டுப் போனாள். நான் தினமும் காலை செடிகளைப் பிடித்து மெதுவாக உலுக்கிப் பனித்துளிகளை விழுத்தினேன். ஈரம் தங்கினால் சாம்பல் பூஞ்சணம் வரும். புரட்டாசியின் கடைசிக் கிழமையில் முதல் செடியில் வெள்ளை இழைகள் வந்தன. இரண்டு நாளில் இரண்டாவதிலும். மூன்றாவதில் யன்னல் பக்கமும் வந்தது. அதற்குப் பிறகு காலையில் மூன்று பாகை, இரண்டு பாகை என்று இறங்கியது. ஒரு கிளையில் பூஞ்சணம் கண்டு அதை மட்டும் வெட்டினேன். ஐப்பசியில் ஒருநாள் விடிய எழும்பியபோது புல் வெள்ளையாக இருந்தது. மத்தியானத்துக்குள் செடிகளின் இலைகள் அவித்த கீரை மாதிரித் தொங்கிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசி எடுத்தாள். சாப்பாடு, குளிர், வெப்பமாக்கி எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "அம்மான்ரை பூத்ததோ?" என்றாள்.

"பூத்தது."

"எத்தினை?"

மூன்று செடிகளுக்கும் தனித்தனியாகச் சொன்னேன். அவள் ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொன்னாள்.

"முத்தினதோ?"

"இல்லை. பனி பட்டுப் போச்சு. நாளைக்குப் பிடுங்குவம் எண்டிருக்கிறன்."

"பிடுங்காதேங்கோ. சனிக்கிழமை வாறன். பாத்திட்டுப் பிடுங்கலாம்."

பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, எல்லாம் கறுத்துவிட்டது என்றேன். அதற்கும் வருகிறேன் என்றாள். எத்தனை மணி ரயில் என்று கேட்டேன், சொன்னாள். மூன்று செடிதானே, சனிக்கிழமைவரை நிற்கச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.