வாளிச் சத்தத்துக்கு வந்த கெண்டைகள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் இந்த லோய்சா. ஆனால் இன்று எங்கள் ஊர் போத்ராசியில் யார் வேலை கொடுக்கிறார் என்று கேட்டால் கைக்குழந்தையும் என் வீட்டைத்தான் காட்டும்.

எங்கள் ஊர்க்கதை ஏரிக்கதைதான். ஏதோ ஒரு பிரபு சதுப்பு நிலத்தில் கரை எழுப்பினார். கரையடியில் ஊர் முளைத்தது. பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சியில் கூட்டுப்பண்ணை வந்து ஏரியில் வாத்து மேய்த்தது. ஆட்சி மாறிப் பண்ணை கலைந்ததும் பாதி ஊர் நகரத்துத் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறியது. நான் மட்டும் இரண்டு பசுக்களையும் விற்று, ஏரியைக் குத்தகைக்கு எடுத்துக் கெண்டைக்குஞ்சு விட்டேன். மூன்று கோடையும் நானும் மனைவி லிபுஷேயும் மதகடியில் தகர வாளியைத் தட்டித் தட்டி பார்லி இறைத்தோம்.

மூன்றாம் வருட இலையுதிர் காலத்தில் முதல் மீன் அறுவடை. மீன் இல்லையென்றால் நானும் பஸ் ஏற வேண்டியதுதான். ரம் கலந்த தேநீரோடு ஊரே கரையில் நின்றது.

"என்ன லோய்சா, தவளை பிடிக்கப் போறியா?" என்றார் பழைய பண்ணைத் தலைவர் ஹினெக். "என் வாத்துங்க ஒண்ணும் மிச்சம் வைக்கலையே!"

"பேசாம நில்லுங்க தலைவரே. கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கெண்டை வாங்க என்கிட்டதான் வரணும்."

மதகுப் பலகைகளை ஒவ்வொன்றாக, நாள்விட்டு நாள்தான் எடுப்பார்கள். அப்போதுதான் தண்ணீரோடு மீனும் மதகடிப் பள்ளத்துக்கு இறங்கும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால்தான் முன்னுக்கு வந்தேன். மடமடவென்று உருவிவிட்டேன். தண்ணீர் வந்தது, மீன் வரவில்லை! எல்லாம் எதிர்க்கரை நாணலடியில் தங்கிவிட்டன. இன்னும் வடிந்தால் சேற்றில் மூச்சுமுட்டிச் சாகும். பாய்ந்துபோய்ப் பலகைகளைத் திரும்பச் செருகினேன்.

"அட மனுஷா, வாளி எங்க?" என்று கத்தினாள் லிபுஷே.

"வாளியா? இப்பவா?"

"பின்ன, மூணு வருஷமா உன் மூஞ்சியப் பார்க்கவா ஓடி வந்துச்சுங்க?"

கரையே சிரித்தது. அவள் தட்டினாள். டங், டங், டங்! நாணல் நடுங்கியது. தண்ணீரில் ஒரு கோடு, பத்துக் கோடு, பிறகு ஏரியே எழுந்து வருவதுபோல் முதுகுகள்! மதகடி கொதித்தது. தலைவர் நல்ல ஷூவோடு சேற்றில் குதித்து, "இழுங்கடா வலைய!" என்று அலறினார்.

மாலையில் தயங்கித் தயங்கி வந்தார். "ஒரு செதிள் குடு லோய்சா. பர்ஸுல வெச்சா வருஷம் பூரா காசு தங்கும்."

கை நிறையக் கொடுத்தேன். அந்த வாளி இன்றும் என் வாசலில் தொங்குகிறது. யோசனை அவளுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் வாளி நான் வாங்கியது.