சவரிமுத்து அடித்தது கோல்தான்

அது கோல்தான். கொடியைத் தூக்கி அதைக் கொன்றவன் நான். தப்பு என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் கொன்றேன்... போதுமா?

பத்து வருஷமாக மயிலாப்பூரில் என்னை ‘யோக்கியன்’ என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம், சொன்னவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல ஆத்திரம் வருகிறது. வைத்ததில்லை. அந்தத் துணிச்சல் இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காதே!

என் லட்சணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பேட்டை கிளப்பில் நான் ஒரே ஒரு நாள்தான் பந்து ஆடினேன். மந்தைவெளியில் நான் உதைத்த உதையில் பந்து நின்ற இடத்திலேயே நின்றது. நான்தான் ஆறடி தள்ளிப் போய் விழுந்தேன். அன்றே என் கையில் ஒரு கொடியைக் கொடுத்து, கோட்டோரமாக ஓடச் சொல்லிவிட்டார்கள். அந்நாளைய லீகில் அதுதான் வழக்கம்: ரெஃபரி பொது ஆள், லைன்ஸ்மேன்களை மட்டும் ஆடுகிற இரண்டு கிளப்பும் ஆளுக்கொருவராகத் தர வேண்டும்.

ஆக, சொந்தக் கட்சிக்கு எதிராகச் சொந்தக் கையாலேயே கொடி தூக்கும் உத்தியோகம்! எனக்கு... ஹாஸ்யம் பேசியே காலத்தை ஓட்டிய எனக்கு!

முதல் டிவிஷனில் பட்டாளத்து டீம்கள் பூட்ஸ் போட்டு ஆடின. நாங்கள் வெறுங்கால். எங்களுக்கு இருந்த ஒரே பீரங்கி, சாந்தோம் குப்பத்துச் சவரிமுத்து. “சவரி காலை மிதித்தால் பூட்ஸ்தான் ‘ஐயோ’ என்று கத்தும்” என்று நான் எல்லோரையும் சிரிக்க வைப்பேன். பொய். அந்த ஸீஸனில் அவனுடைய கட்டைவிரல் நகம் இரண்டு முறை பெயர்ந்தது. மஞ்சள் வைத்துத் துணி சுற்றிக்கொண்டு ஆடினான்.

ஏன் ஆடினான் தெரியுமா உங்களுக்கு? துறைமுகத்து அதிகாரி ஒருவர், “லீகை ஜெயித்து வாருங்கள், உங்கள் ஸென்டர் பார்வர்டுக்கு என்னிடம் நிரந்தர வேலை” என்று எங்கள் காப்டனிடம் வாக்குக் கொடுத்திருந்தார். முந்தைய வருஷத்துப் புயலில் சவரியின் அண்ணன் கடலோடு போயிருந்தான். ‘இனி கட்டுமரத்தில் கால் வைக்காதே’ என்று சவரியின் பெண்சாதி அழாத நாள் இல்லை. அவனுக்கு லீக் என்றால் கோப்பை அல்ல, ஐயா... கரை!

கடைசி ஆட்டம் பட்டாளத்தோடு. டிரா ஆனாலும் லீக் அவர்களுக்கு. நாங்கள் ஜெயித்தே தீர வேண்டும்.

முதல் நாள் எங்கள் ஆபீஸ் துரை என்னைப் பார்த்துச் சிரித்தார்: “நாளைக்கு உன் கொடியும் மயிலாப்பூர் சட்டை போட்டுக்கொண்டு வருமோ?”

வேடிக்கையாகத்தான் கேட்டார். நானோ மறுநாள் மாலை வரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டே இருந்தேன்! மைதானத்துக்குப் போனால், கூடாரத்தில் முதல் நாற்காலியில் அவர்.

ஆஃப்சைடு சட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பந்து முன்னால் வரும்போது, அதை வாங்கப் போகிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிராளிகள் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்பது பழைய சட்டம். சீமையில் அதை இரண்டாகக் குறைத்தார்கள். புதுச் சட்டத்தில் எங்களுக்கு அதுதான் முதல் ஸீஸன். அது முழுவதும் நான் சரியாகத்தான் கொடி பிடித்தேன்... அன்றைக்கு வரை.

ஒன்றுக்கு ஒன்று. ஐந்து நிமிஷம் பாக்கி. பந்து பறந்து வந்தது, சவரி பாய்ந்தான். அவனுக்கு முன்னால் கோல்கீப்பர் ஒருவன், தடுக்க நின்ற பேக் ஒருவன். இரண்டு பேர். சட்டப்படி கச்சிதம்.

நான் எண்ணினேன். ஒன்று... இரண்டு... மூன்றாவது எங்கே? துரை பார்க்கிறாரே! மூன்றாவது எங்கேடா!

கை மேலே போய்விட்டது.

பந்து வலைக்குள். ஜனங்கள் ஆகாயத்தில். அப்புறம் விசில்... அந்த விசில் சத்தத்தில்தான் புதுச் சட்டம் என் மண்டைக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தது.

ரெஃபரி ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் சார்ஜண்ட். நேராக என்னிடம் வந்தார். “ஆர் யூ ஷ்யூர்?”

நல்ல மனிதன்! கேட்டானே! கை பயத்தில் போயிற்று; கை ஒரு மடையன், விடுங்கள். இப்போது கேள்வி வாய்க்கு. ‘நோ’ என்று ஒரே ஒரு எழுத்து. சொன்னால் கோல், லீக், சவரிக்கு வேலை. ஆனால் துரை என்ன நினைப்பார்? கொடி சட்டை மாற்றிக்கொண்டது என்று...

“யெஸ் ஸார்!” என்றேன். ஸல்யூட்டும் அடித்ததாக ஞாபகம்!

“டேய் கொடிக்கார ஐயரே! கொடியத் தூக்கினியா, துரை வூட்டுப் பல்லக்கத் தூக்கினியா?” என்று கூட்டத்தில் ஒருவன் அலறினான். ஒரு செருப்பு வந்தது. இரண்டாவது வருவதற்குள் என் முன்னால் வந்து நின்றவன் யார்? சவரி!

“யார்னா சாமி மேல கை வச்சீங்க, அவ்ளோதான்! நம்ம கிளப்பு ஆளு. நமக்கு எதிரா பொய் சொல்லுமா? நான்தான் முன்னாடி பூட்டேன் நைனா.”

ஆட்டம் டிரா; லீக் பட்டாளத்துக்கு. மறுநாள் எங்கள் காப்டன் ஊரெல்லாம் சொன்னார்: “சொந்தக் கட்சின்னு பாக்காம கொடியத் தூக்கிண்டு நின்னான் பாருங்கோ, அவன்தான் ஓய் யோக்கியன்!” துரை கை குலுக்கினார். அடுத்த வருஷம் நான் ஹெட் கிளார்க்.

துறைமுகத்து அதிகாரி, “அடுத்த தடவை பார்ப்போம்” என்று சொல்லிவிட்டுச் சீமைக்குக் கப்பலேறினார். சவரி கட்டுமரம் ஏறினான்.

போன மாதம் லஸ் முனையில் டிராமுக்கு நின்றிருந்தேன். இப்போது எனக்கு மாம்பலத்தில் சொந்த வீடு. மயிலாப்பூருக்கு விருந்தாளி போல வந்து போகிறேன். எதிரே மீன்கூடையோடு பெண்சாதி, பின்னால் சவரி. தலை நரைத்துவிட்டது.

“சாமி, நல்லா கீறியா? உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்னு பத்து வருசமா நெனச்சிக்கினு கீறேன். அன்னிக்கு நான் ஒரு எட்டு பொறுத்திருந்தா நீ கொடி தூக்கியிருக்க மாட்டே. என்னாலதான் கும்பலே உன்ன வாய்க்கு வந்தபடி பேசிச்சு. மனசுல வச்சிக்காத சாமி.”

பெண்சாதி கூடையை இறக்கினாள். “தூக்கத்துல கூட ‘ஒரு எட்டு, ஒரு எட்டு’ன்னு பொலம்புது சாமி இந்த மனுசன். நீயே சொல்லு, அத்த வுட்டுத் தொலைக்கச் சொல்லு!”

டிராம் வரவில்லை. எதிரே வேறு யாருமில்லை, துரையும் இல்லை. துரை செத்தே மூன்று வருஷமாகிறது! இப்போதாவது சொல்லலாமே...

சொன்னேன். என்ன சொன்னேன் தெரியுமா? “போகட்டும் சவரி. நான் அதை அப்போதே மறந்துவிட்டேன்.”

மன்னித்துவிட்டேன், ஐயா! நான்... அவனை!

அவன் முகம் குழந்தை முகம் போல மலர்ந்தது. கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். அந்த நிம்மதியைக் கெடுக்க வேண்டாமே என்றுதான் நான் பேசாமல் இருந்தேன்... பார்த்தீர்களா, அதற்குள் மறுபடியும் யோக்கியன் வேஷம்! தூ!

இவ்வளவையும் அச்சில் போடத் துணிந்துவிட்டானே என்று என்னை மெச்சிக்கொள்ளாதீர்கள். சவரிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.