ஷூவுக்கு ஓய்வு நாள்

என் வீட்டுக்காரரிடம் எங்கள் கல்யாண நாள் எது என்று கேட்டால் விட்டத்தைப் பார்த்து யோசிப்பார். கறுப்பு ஷூ வாங்கிய நாளைக் கேட்டால் கிழமையோடு சொல்வார். அதற்கு வயது பதினான்கு. பழுப்பு ஷூவுக்குப் பதினொன்று. இரண்டும் அசல் தோல். இன்றைக்கும் கடையில் அடுக்கினால் புதுசு என்று யாராவது வாங்கிப் போய்விடுவார்கள். இந்த உலகத்தில் அந்த மனிதர் சாதித்தது என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்லியாக வேண்டும்.

மாலையில் வீட்டுக்குள் வந்ததும் முக்காலியில் உட்கார்ந்து நாடாவைக் கடைசிக் கண்ணி வரைக்கும் தளர்த்துவார். நாடா இறுக்கமாக இருக்கும்போதே காலை உருவினால் குதிகால் பகுதி நசுங்கிவிடுமாம். பிறகு பிரஷ்ஷால் தூசி தட்டல், ஈரத்துணியால் ஒரு துடைப்பு, காய்ந்ததும் கடுகளவு க்ரீம். கூடப் போட்டால் தோல் மூச்சு முட்டுமாம். கால் மடங்கும் இடத்தில் மெழுகு கூடாது, வெடித்துவிடும். கடைசியில் வடிவம் குலையாமலிருக்க உள்ளே மரக்கட்டையைச் செருகி, அலமாரியில் படுக்க வைத்துவிட்டுத்தான் எனக்குப் பசிக்கிறதா என்று விசாரிப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. இன்றைக்குப் போட்ட ஷூவை நாளைக்குப் போடக்கூடாது. நாள் முழுக்கத் தோல் வேர்வையைக் குடித்திருக்கும், அது வெளியேற ஒரு நாள் வேண்டும். அதனால் இன்றைக்குக் கறுப்பு என்றால் நாளைக்குப் பழுப்பு. நான் வீட்டு முன்னறையில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும். எனக்கும் ஓய்வு வேண்டும் என்று இந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

அவருக்கு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. அவரிடம் வேலை கற்றுக்கொண்டவர்களெல்லாம் மாடிக்குப் போய்விட்டார்கள். இவர் கீழேயே உட்கார்ந்து அவர்கள் படியேறும்போது யாருடைய குதி தேய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பிரிவு மேலாளர் பதவி காலியானது. ஐம்பது வயது தாண்டியவர்கள் விண்ணப்பிக்க முடியாது. இவருக்கு நாற்பத்தொன்பதரை. இதை விட்டால் ஓய்வு பெறும் வரைக்கும் அதே நாற்காலிதான். விண்ணப்பம் போட்டார், நேர்காணலுக்கும் கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைக்கு யார் வந்தாலும் நேர்காணல் விஷயத்தைச் சொன்னேன். அடையாள அட்டையை நகலெடுக்க வந்த முன்பின் தெரியாத ஆளிடம்கூடச் சொன்னேன். அடுத்த மாசம் என் வீட்டுக்காரருக்குத் தனி அறை, கதவில் பெயர்ப்பலகை என்று அடித்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரி பொறாமையில் இரண்டு நாள் கடைப் பக்கமே வரவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

நேர்காணல் புதன்கிழமை. திங்கட்கிழமை சாயங்காலம் இவர் பழுப்பு ஷூவை அடி மாற்றக் கொடுத்துவிட்டு வந்தார். செவ்வாய் இரவுக்குள் கிடைத்துவிடும் என்றார், கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கறுப்பைப் போட்டுக்கொண்டு போனவர் சாயங்காலம் மழையில் நனைந்து வந்தார். ஷூ தொப்பலாக இருந்தது. காய்ச்சல் கண்ட குழந்தையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, மின்விசிறிக்கு எதிரே சாய்த்து வைத்தார். வெயிலோ சூடோ பட்டால் தோல் விறைத்துப்போகுமாம்.

காலையில் எழுந்து பார்த்தால், சலவைச் சட்டை, டை, மடிப்புக் கலையாத பேன்ட், காலில் குளியலறைக்குப் போடும் ரப்பர் செருப்பு. இதென்ன கோலம் என்றேன்.

"ஈரத்தோட போட்டா தோல் செத்துடும்" என்றார்.

நான் என்னவெல்லாம் சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. ஷூவா, நானா என்றுகூடக் கேட்டேன், பதிலுக்குப் பயந்து அதை உடனே வாபஸ் வாங்கிக்கொண்டேன். அவர் ரப்பர் செருப்பில் டப் டப் என்று நடந்து போய்விட்டார். நல்லவேளை எதிர்வீட்டுக்காரி அப்போது வாசலில் இல்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. தோலாவது ஒன்றாவது, இன்றைக்கு ஒரு நாள் செத்தால் சாகட்டும் என்று கடையைப் பூட்டினேன். ஷூவைப் பைக்குள் போடும்போது ஈரக் காகிதத்தை எடுத்துப்போடலாமென்று கையை விட்டேன். காகிதம் மொறமொறவென்று இருந்தது. இன்னும் உள்ளே, ஷூவின் முன் நுனி வரை தடவிப் பார்த்தேன். பொட்டு ஈரம் இல்லை. தோலை முகர்ந்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லுகிற ஆளுக்கு இது தெரியாதா? பஸ்ஸில் போகிற வழியெல்லாம் எனக்கு ரத்தம் கொதித்தது.

அலுவலகத்தில் அவரைப் பின்பக்க மாடிப்படியில் கண்டுபிடித்தேன். கால்மேல் கைக்குட்டையை விரித்துக்கொண்டு ஒரு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெறும் சாக்ஸோடு நின்றவன் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஆள். எதிலும் பறப்பவன் என்பதால் எல்லோரும் அவனை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் அதே பதவிக்கு நேர்காணலுக்கு வந்திருந்தான். சேறு அப்பிய ஷூவோடு ஒருத்தன் நேர்காணல் குழுவின் முன்னால் போய் நிற்பதை இவரால் பொறுக்க முடியவில்லையாம். போட்டிக்காரனுக்குப் பாலிஷ் போட்டு அனுப்புகிற புத்திசாலியைத்தான் எனக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். அவசரம் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பளபளக்கும் ஷூவை மாட்டிக்கொண்டு மேலே ஓடினான். நாடாவைக்கூட அவிழ்க்காமல் காலைத் திணித்தான். இவர் முகத்தைச் சுளித்தார்.

நான் பையிலிருந்து கறுப்பு ஷூவை எடுத்துப் படியில் வைத்தேன். உள்ளே கையை விடச் சொன்னேன். அவர் விடவில்லை.

"காலையிலயே காஞ்சிருச்சு" என்றார், படியைப் பார்த்துக்கொண்டே.

அப்புறம் எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன். கைக்குட்டையை நாலாக மடித்தார், மறுபடி பிரித்தார்.

"நீ ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்க. உள்ள போயி, கேட்டதுக்குப் பதில் தெரியாம முழிச்சிட்டு வந்தா, நீ யாரு முகத்துல முழிப்ப? போகலன்னா, பைத்தியக்காரன், ஷூவுக்காக விட்டுட்டான்னு சொல்லுவாங்க. அது எனக்குப் பழக்கம்தானே."

பதினேழு வருஷக் குடித்தனத்தில் ஷூவைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. இந்த மனிதரை இவ்வளவு பயமுறுத்தி வைத்தது அந்த அலுவலகம் இல்லை, நான்தான் என்று அந்தப் படியில் நிற்கும்போது புரிந்தது. என்மேல் எனக்கே வெறுப்பாக வந்தது. மேலே யாரோ அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நான் குனிந்து ஷூவின் நாடாவைக் கடைசிக் கண்ணி வரைக்கும் தளர்த்திக் கொடுத்தேன்.

"போய்ட்டு வாங்க. கிடைச்சா கிடைக்கட்டும். கிடைக்கலன்னா ஷூ ஈரம், போகலன்னு நானே சொல்லிக்கிறேன்."

போனார். அரைமணி நேரம் உள்ளே இருந்தார். முதல் இரண்டு கேள்விக்குப் பதில் வரவில்லையாம், மற்றதையெல்லாம் சொல்லிவிட்டாராம். வெளியே வந்தவர் முகம் வேர்த்திருந்தது, ஆனால் நிமிர்ந்து நடந்து வந்தார்.

பதவி அவசரத்துக்குப் போனது.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக்காரி ஒரே ஒரு காகிதத்தை நகலெடுக்கிற சாக்கில் கடைக்கு வந்துவிட்டாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். ஷூ நனைந்துவிட்டது, அதனால் அவர் நேர்காணலுக்கே போகவில்லை என்றேன். ஈரமாக இருந்தால் என்ன, போட்டுக்கொண்டு போக வேண்டியதுதானே என்று சிரித்தாள்.

"தோலைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று அவளை உட்காரவைத்து, வேர்வையிலிருந்து மெழுகு வரைக்கும் அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். உள்ளறையில் பிரஷ் சத்தம் நின்றுவிட்டது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.